ஆறரை மணிக்கு எல்லோரும் நலம்

முப்பத்திரண்டு வருடம் நான் பார்த்த வேலைக்கு எங்கள் பக்கத்தில் ‘கரண்டு வைக்கிறது’ என்று பெயர். ஆஸ்பத்திரிக் காகிதத்தில் கதிர்வீச்சு சிகிச்சைத் தொழில்நுட்பர் என்று இருக்கும். அதைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரில் நிற்பவர் பஸ் ஏறிவிடுவார். ஆகவே நானும் கரண்டு வைக்கிறேன் என்றே சொல்லிவந்தேன். அதன் பலனாக, பாளையம்பட்டியில் என் தெருவில் டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தால் முதலில் என் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். ஒருமுறை ஒரு பெரியவர் பம்ப்செட்டுக்கு இணைப்பு வாங்கித் தரச் சொல்லி ஒரு மூடை வெங்காயத்தை இறக்கிவிட்டுப் போனார். நான் திருப்பிக் கொடுக்கப் போனபோது, “கூடக் கொஞ்சம் வேணுமா அண்ணாச்சி?” என்று கேட்டார்.

போன மாதம் என்னோடு வேலை பார்த்த பிள்ளைகள் போன் செய்தார்கள். கரண்டு வைத்துக்கொள்ளும் வாரங்களில் புற்றுநோயாளிகள் தங்கள் உடம்பின் நிலைமையை வீட்டிலிருந்தே சொல்வதற்கு ஒரு கைபேசிச் செயலி உண்டு. அதைப் புதிதாக மாற்றி எழுதுகிறார்களாம். “இது ஏன் சார் காலையில ஏழு மணிக்குத்தான் கேள்வி கேக்கணும்னு பூட்டி வச்சிருக்கு? சாயங்காலம் வச்சா ஆளுக வீட்டுல இருப்பாகல்ல?” என்றான் ஒருவன். நான் ஒரு காலத்தில் சொன்ன அதே வார்த்தை, அதே நம்பிக்கை. போனில் பதில் சொன்னால் இரண்டாவது வாக்கியத்திலேயே ‘சரி சார், சரி சார்’ என்று ஆரம்பித்துவிடுவார்கள். எழுதிக் கொடுத்தால் படிக்காமல் தள்ளிப்போடவாவது கொஞ்ச நாள் எடுத்துக்கொள்வார்கள் என்று எழுதுகிறேன்.

என் அப்பாவுக்கு அருப்புக்கோட்டையில் பலசரக்குக் கடை. மூத்தவன் கல்லாவில் உட்காருவான் என்று நம்பியிருந்தார். எனக்கோ எடை போடும்போது தராசைப் பார்க்காமல், பொட்டலம் மடிக்கிற பழைய பத்திரிகையில் பாதி கிழிந்த கதையைப் படிக்கிற வியாதி. கடை தாங்காது என்று அவரே மதுரைக்கு அனுப்பிவைத்தார். இரண்டு வருடப் படிப்பு, ஒரு வருடம் பழகல், அப்புறம் மதுரையிலேயே ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் வேலை. பாதி சர்வீஸ் கோபால்ட் மெஷினோடு போனது, மீதி கம்ப்யூட்டர் வைத்த மெஷினோடு. மெஷின் மாறினாலும் வேலை ஒன்றுதான்: ஆளைப் படுக்கவைத்து, அசையாதீர்கள் என்று சொல்லிவிட்டு, நாம் வெளியே வந்து கனத்த கதவைச் சாத்திக்கொள்வது. வீரத்துக்கு இடமில்லாத தொழில்.

இதில் நான் கெட்டிக்காரன் என்று சொல்லிக்கொள்ளக்கூடிய ஒரே இடம், மாஸ்க் செய்வது. வாயிலோ தொண்டையிலோ புற்று உள்ளவருக்குத் தலை கொஞ்சம் நகர்ந்தாலும் கதிர் போகவேண்டிய இடத்தை விட்டுத் தண்டுவடத்தில் விழும். அதற்காக வலை மாதிரி ஓட்டை போட்ட வெள்ளைத் தகடு ஒன்று உண்டு. வெந்நீர்த் தொட்டியில் போட்டால் நனைந்த அப்பளமாகத் தொய்ந்துவிடும். எடுத்து, ஈரத்தைத் துண்டில் ஒற்றி, நம் முன்கையில் வைத்துச் சூடு பார்த்து, படுத்திருப்பவர் முகத்தில் விரித்து, இரண்டு பக்கமும் இழுத்து டேபிளோடு பூட்டவேண்டும். மூக்குத் தண்டு, தாடை, நெற்றி என்று விரலால் அழுத்திக்கொண்டே பத்து நிமிடம் நிற்கவேண்டும். ஆறினால் முகம் அப்படியே கெட்டியாகப் பதிந்திருக்கும். சிகிச்சை தொடங்குமுன் செய்த அந்த மாஸ்க்கைத்தான் கடைசி நாள் வரை தினமும் மாட்டுவோம். மாஸ்க் அறைச் சுவரில் வரிசையாக முகங்கள் தொங்கும். புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அங்கே நின்று டீ குடிக்க மாட்டார்கள்.

எங்கள் பெரிய டாக்டர் மங்கையர்க்கரசி. ஆஸ்பத்திரி முழுக்க ‘அம்மா’ என்றால் அவர்தான். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சேலைத் தலைப்பால் மெதுவாகத் துடைத்துக்கொண்டே ‘அப்படியா’ என்பார். கண்ணாடியோடு சொல்கிற ‘அப்படியா’ சாதாரணக் கேள்வி. கண்ணாடி இல்லாத ‘அப்படியா’வை வாங்கினவர்கள் அன்றைக்குச் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரிக்காமலே வீட்டுக்குக் கொண்டுபோவார்கள். நோயாளியிடம் ‘எப்படி இருக்கீங்க’ என்று அவர் கேட்டதும் கிடையாது. ‘காலையில என்ன சாப்பிட்டீங்க, எத்தனை வாய் இறங்குச்சு, யாரு குடுத்தா’ என்று கேட்பார். ஒரே வார்த்தையில் முடிகிற விஷயத்தை ஏன் இப்படி இழுக்கிறார் என்று பல வருடம் நினைத்திருக்கிறேன்.

செயலியைக் கொண்டுவந்ததும் அவர்தான். ஆறேழு வாரம் தினமும் பஸ்ஸில் வந்துபோகிறவர்கள், வீட்டில் என்ன பாடு படுகிறார்கள் என்று நமக்குத் தெரிவதில்லை. வாய்ப்புண், காய்ச்சல், வாந்தி எல்லாம் அன்றன்றைக்கே வந்துசேரவேண்டும் என்றார். அதை ஊருக்குத் தகுந்த மாதிரி அமைக்கும் பொறுப்பை என்னிடம் கொடுத்தார். எனக்கு ஓய்வுக்கு ஒரு வருடம் இருந்தது. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும், “இவருக்கு அந்தப் பக்கத்து ஜனங்களைத் தெரியும்” என்றார். நானும் தெரியும் என்பது போலத் தலையை ஆட்டிவைத்தேன்.

நான் செய்த ஏற்பாடு இது. எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள் என்று மூன்று முகங்கள் வைத்தேன். பச்சையில் சிரிக்கிற முகம், மஞ்சளில் சும்மா இருக்கிற முகம், சிவப்பில் கண்ணீர் வடிய அழுகிற முகம். இன்றைக்கு உடம்பு எப்படியோ அந்த முகத்தைத் தொட்டால் போதும். சிவப்பைத் தொட்டால் டூட்டி நர்ஸின் போன் அலறும். எத்தனை மணிக்குக் கேட்பது? பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்து, ஆடு மாட்டைப் பார்த்து, கைகால் கழுவி, வீட்டில் எல்லோரும் கூடியிருக்கிற நேரமாக, சாயங்காலம் ஆறரை என்று வைத்தேன். அதோடு நிற்கவில்லை. தொடர்ந்து பச்சை காட்டுகிறவர்களை வாரா வாரம் எடை பார்த்து டாக்டர் முன்னால் உட்காரவைக்க வேண்டாம், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போதும் என்று ஒரு யோசனையும் சொன்னேன். வரிசை பாதியாகக் குறைந்தது. எல்லோரும் பாராட்டினார்கள். பாராட்டு எனக்குப் பழக்கமில்லாத சரக்கு. வாங்கும்போது பிரித்துப் பார்க்கத் தோன்றவில்லை.

முத்துராக்கு திருச்சுழிக்கு அந்தப் பக்கம் ஒரு கரிசல் கிராமத்துக்காரர். ஐம்பத்தைந்து வயதுப் பெண். மிளகாயும் மல்லியும் பயிர் போடுகிற சம்சாரி வீடு. வெற்றிலையோடு புகையிலையை அடக்கி அடக்கிக் கன்னத்தில் புற்று. முப்பத்தைந்து நாள் கரண்டு. கணவர் கருப்பையா தினமும் கூட வருவார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தான். கல்யாணமாகி நாலு மாதமே ஆன மருமகள் பாண்டிச்செல்வி, மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருந்தாள். வீட்டில் நல்ல போன் அவளிடம்தான் என்பதால் செயலி அவள் போனில். முதல் நாள் கூட வந்தபோது நானே சொல்லிக்கொடுத்தேன். “அத்தைக்கு எப்படி இருக்கோ அந்த மூஞ்சியத் தொடணும், அம்புட்டுத்தான்.”

“கரெக்டாத் தொட்டுருவேன் சார்” என்றாள்.

முதல் இரண்டு வாரமும் பச்சை. மூன்றாவது வாரமும் பச்சை. மூன்றாவது வாரத்தில் வாய் வெந்துபோகாத ஆளை நான் பார்த்ததில்லை. ஒருவர் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தால் எனக்குச் சந்தேகம் வந்திருக்கவேண்டும். பெருமை வந்தது. தினமும் டேபிளில் ஏற்றும்போது “எப்படி இருக்குக்கா?” என்று கேட்போம். அவரும் தலையை ஆட்டுவார். பேச்சு குறைந்துவிட்டதைக் கவனித்தேன். கரண்டு வைக்க வருகிறவர்கள் பேச்சுக் கச்சேரியா நடத்துவார்கள் என்று விட்டுவிட்டேன்.

நாலாவது வாரம், வெள்ளிக்கிழமை காலை, இருபதாவது கரண்டு. மாஸ்க்கை முகத்தில் வைத்துப் பூட்டினேன். பூட்டு விழ எப்போதும் கொஞ்சம் அழுத்தவேண்டும். அன்று தொட்டதும் விழுந்தது. கன்னத்துக்கும் வலைக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தேன். ஆள்காட்டி விரல் போனது. நடுவிரலும் சேர்ந்து போனது.

“அக்கா, சாப்பாடு இறங்குதா?” என்றேன்.

ஆமாம் என்று தலை ஆடியது. பூட்டிய மாஸ்க்குக்குள்ளே ஆடியது. அது ஆடக்கூடாது. ஆடாமல் இருப்பதற்குத்தான் அந்த மாஸ்க்.

அவரை இறக்கிவிட்டு, “இன்னைக்கு வைக்கல, அம்மாவைப் பாக்கணும், பெஞ்சுல இருங்க” என்று இரண்டு பேரையும் உட்காரவைத்தேன். அம்மா உள்ளே வேறொரு நோயாளிக்கு கட்டிக்குள்ளேயே ஊசி செருகி அதன் வழியாகக் கதிர் வைத்துக்கொண்டிருந்தார். அந்த வேலையைப் பாதியில் நிறுத்த முடியாது. அவர் வெளியே வரும்போது மூன்று மணி. பெஞ்சில் ஆளில்லை. பக்கத்தில் இருந்தவர், “வெள்ளிக்கிழமையாம், வீட்டுல சோலி கெடக்காம். ஒரு மணி பஸ்ஸுக்குப் போயிட்டாக” என்றார்.

அம்மா மாஸ்க்கைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தார். கம்ப்யூட்டரில் முத்துராக்குவின் பெயருக்கு எதிரே இருபத்தைந்து பச்சைப் புள்ளிகள் வரிசையாக இருந்தன. ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் சிரித்திருந்தது.

“செயலி நல்லா இருக்காங்கன்னு சொல்லுது. மாஸ்க் இல்லைன்னு சொல்லுது” என்றார். “மாஸ்க்குக்குப் பொய் சொல்லத் தெரியாது. கடைசியா எப்ப எடை பாத்தோம்?”

“பதினோரு நாளாச்சும்மா.”

வாரா வார எடையை நிறுத்தின யோசனை யாருடையது என்று இரண்டு பேருக்கும் தெரியும். கருப்பையாவின் போனைக் கூப்பிட்டேன், அணைந்திருந்தது. மருமகளைக் கூப்பிட்டேன்.

“இன்னும் வந்து சேரல சார். பஸ்ஸுல இருப்பாக.”

“அத்தை நேத்து எப்படி இருந்தாக?”

“நல்லாத்தான் இருந்தாக.”

“சாப்பிட்டாகளா?”

“கஞ்சி குடுத்தேன் சார்.”

போனை வைத்ததும் அம்மா கேட்டார்: “குடுத்தேன்னு சொன்னாளா, குடிச்சாங்கன்னு சொன்னாளா?”

“குடுத்தேன்னும்மா.”

“இப்பக் கிளம்புங்க. தண்ணியே இறங்கலைன்னா திங்கட்கிழமை வரைக்கும் தாங்காது. பாத்துட்டு அங்க இருந்து பேசுங்க.”

பாளையம்பட்டியில் பஸ்ஸை விட்டு இறங்கி, வீட்டில் வேட்டிகூட மாற்றாமல் ஸ்கூட்டரை எடுத்தேன். திருச்சுழி ரோட்டில் அன்றைக்கென்று முன்னால் ஒரு வைக்கோல் வண்டி. இரண்டு பக்கமும் கருவேல மரம், நடுவில் வைக்கோல், பின்னால் நான். முந்தவும் முடியவில்லை, திட்டவும் தைரியமில்லை. எனக்கு முப்பத்திரண்டு வருடத்தில் நோயாளி வீட்டுக்குப் போய்ப் பழக்கமே கிடையாது. நோயாளிகள் மாஸ்க்கோடு ஆணியில் தொங்குவார்கள், காலையில் எடுத்துக்கொள்ளலாம் என்பது போலத்தான் காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

போய்ச் சேர்ந்தபோது மணி ஆறே கால். வாசல் தெளித்துக் கோலம் போட்டிருந்தது. கருப்பையா ஆட்டுக்குட்டியைக் கட்டிக்கொண்டிருந்தவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“என்ன அண்ணாச்சி, இம்புட்டுத் தூரம்?”

“இருக்கச் சொன்னேன், வந்துட்டீகளே.”

“இவதான் வெள்ளிக்கிழமை வெளக்கேத்தணும்னு கையப் புடிச்சு இழுத்தா. பேசவா செய்றா? சாடைதான்.”

உள்ளே முத்துராக்கு சுவரில் சாய்ந்து பாயில் உட்கார்ந்திருந்தார். தலைக்குக் குளித்து, நெற்றியில் திருநீறு. எதிரே மாடத்தில் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அவரே ஏற்றியிருக்கிறார். ஏற்றிவிட்டு எழுந்திருக்க முடியாமல் உட்கார்ந்துவிட்டார் என்பது பார்த்ததுமே தெரிந்தது. உதடு இரண்டும் ஒட்டிக்கிடந்தன. நான் டாக்டர் இல்லை. ஆனால் இத்தனை வருடம் டாக்டர்கள் பக்கத்தில் நின்றிருக்கிறேன். புறங்கைத் தோலைக் கிள்ளிவிட்டேன். கிள்ளினபடியே நின்றது. நாடி குருவி நெஞ்சாக அடித்தது.

மருமகளை அடுப்படிப் பக்கம் கூப்பிட்டேன். “மறைக்காமச் சொல்லும்மா. தண்ணி எப்ப இறங்குச்சு?”

“புதன்கிழமை ரெண்டு மடக்கு. அப்பறம் வாயில வச்சாலே உசுரு போகுதுன்னு சாடை காட்டுவாக. கஞ்சிய அப்படியே வச்சுருவாக.”

“ஒண்ணுக்குப் போனாகளா?”

“நேத்துக் காலையில போனாக.”

அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். “உடனே கொண்டு வாங்க. ஆம்புலன்ஸுக்கு நான் பேசுறேன். அருப்புக்கோட்டையில நிறுத்தி டிரிப்ஸ் ஏத்திட்டு நேரா இங்க” என்றார்.

நான் போனைப் பைக்குள் வைக்கும்போது, மருமகளின் போன் ஒரு மணிச் சத்தம் கொடுத்தது. ஆறரை. நான் தேர்ந்தெடுத்த சத்தம். கோயில் மணி மாதிரி இருக்கட்டும் என்று வைத்தது. பாண்டிச்செல்வி கையைச் சேலையில் துடைத்துவிட்டு, போனை எடுத்து, என் கண் முன்னால், சிரிக்கிற முகத்தைத் தொட்டாள்.

“ஏம்மா, இப்பத்தான் தண்ணி இறங்கலன்னு சொன்ன. இதுல சிரிக்கிற மூஞ்சியத் தொடுறியே?”

அவள் என்னை, விவரம் இல்லாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தாள். “வெளக்கு வச்ச நேரம் சார். இந்நேரத்துல அழுகுற மூஞ்சிய யாராச்சும் தொடுவாகளா?”

பலசரக்குக் கடைக்காரன் மகன் நான். விளக்கு வைத்த பிறகு எங்கள் கடையில் உப்பு இல்லை என்ற சொல் வராது. ‘நாளைக்கு வந்து வாங்கிக்கோங்க’ என்பார் அப்பா. என் வீட்டில் அரிசி தீர்ந்துபோனால் ‘நெறஞ்சிருக்கு’ என்றுதான் என் மனைவி இன்றைக்கும் சொல்கிறாள். ஆறரை மணிக்கு எந்த வீட்டிலும் ஒருவரும் வலிக்கிறது என்று சொல்ல மாட்டார்கள், அழுகிற பிள்ளையைக்கூட வாயைப் பொத்திக் கொல்லைப் பக்கம் தூக்கிக்கொண்டு போவார்கள். இதெல்லாம் தெரிந்த ஒருவன், ஊரைத் தெரிந்தவன் என்று பெயர் வாங்கின ஒருவன், இருக்கிற இருபத்து நாலு மணி நேரத்தில் அந்த ஒன்றைத் தேடிப்பிடித்து, அழுகிறீர்களா என்று கேட்டிருக்கிறான்.

கருப்பையா நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். “என்ன மூஞ்சி? என்ன அமுக்குன?”

“அத்தைக்கு முடியலன்னா செவப்புல தொடணும் மாமா. நான் தொடல.”

“தொட்டிருந்தா?”

என்னைப் பார்த்துக் கேட்டார். பொய் சொல்லியிருக்கலாம். நான் மெனக்கெட்டு உண்மையைச் சொன்னேன். “முன்னாடியே டாக்டரம்மா கூப்பிட்டுப் பாத்திருப்பாக.”

அவர் மருமகள் பக்கம் திரும்பினார். அவர் சத்தமே போடவில்லை. “நாலு வாரமா இதத்தான் செஞ்சுக்கிட்டு இருந்தியா?”

“மாமா, நான் வந்து நாலு மாசந்தான் ஆச்சு. வந்த வீட்டுல வெள்ளியும் செவ்வாயுமா அழுகுற மூஞ்சிய அமுக்கி, அத்தைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா என்னையத்தான சொல்லுவீக?”

நான் பேச்சை மாற்றி, “வண்டி வருது, ஏத்திவிடணும், கிளம்புங்க” என்றேன்.

“வெளக்கு எரியுது அண்ணாச்சி. வெள்ளிக்கிழமை. வீட்டுப் பொம்பளைய இந்நேரத்துல வாசப்படி தாண்டி அனுப்புறதா? அவளே வரமாட்டா. விடியட்டும், மொத பஸ்ஸுக்கு நானே கூட்டியாரேன்.”

“விடியிற வரைக்கும் தாங்காதுங்க.”

“அதச் சொல்லாதீக, இந்நேரத்துல.”

நான் சிறுநீரகம் என்றேன், உப்புச் சத்து என்றேன், கரண்டு நடுவில் நின்றால் கட்டி மறுபடி தலை தூக்கும் என்றேன். எல்லாம் சரியான விவரங்கள். விளக்கு எரிகிற அறையில் ஒவ்வொன்றும் ஒரு கெட்ட வார்த்தை. நான் பேசப் பேச அவர் முகம் இறுகிக்கொண்டே போனது. தெருவில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று ஒரு காது. கேட்டுவிட்டால் இவரை என்ன செய்வது என்று இன்னொரு காது.

பாயிலிருந்து வளையல் சத்தம் வந்தது. முத்துராக்கு தரையில் கையை ஊன்றி எழ முயன்றுகொண்டிருந்தார். மருமகள் ஓடிப்போய்த் தாங்கினாள். நடக்கவில்லை, நகர்ந்தார்கள். மாடத்துக்கு முன்னால் நின்று, சாமி படத்தில் இருந்த சரத்தில் ஒரு பூவைக் கிள்ளினார். முதல் தடவை பூ திரியில் படவில்லை. கருப்பையா ஓரடி முன்னால் வைத்து நின்றுவிட்டார். இரண்டாவது தடவை படிந்தது. விளக்கு குளிர்ந்தது. புகை நூலாக மேலே போகிற வரை கும்பிட்டு நின்றார்.

பிறகு மருமகளிடம் கையை நீட்டினார். அவளுக்குப் புரியவில்லை. பெருவிரலை ஆட்டிக் காட்டினார். அவள் போனைக் கொடுத்தாள். முத்துராக்கு அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, அழுகிற முகத்தின் மேல் விரலை வைத்து, அது வேலை செய்யாமல் போய்விடக்கூடாது என்பது போல, நகம் வெளுக்கிற அளவுக்கு அழுத்தினார். அழுத்திவிட்டு, போனைத் திரும்ப மருமகளிடம் தரவில்லை. கணவரிடம் நீட்டினார். தொட்டது யார் என்று அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று.

கருப்பையா போனை வாங்கிக்கொண்டார். கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டார்.

என் போன் அடித்தது. டூட்டி நர்ஸ். “சார், திருச்சுழிப் பக்கம் ஒரு சிவப்பு வந்திருக்கு. உங்களுக்குப் பக்கம்தானே, யாரையாவது போய்ப் பாக்கச் சொல்ல முடியுமா?”

“சொல்றேன்மா” என்றேன்.

மறுநாள் சனிக்கிழமை முழுக்க எங்கள் வார்டில் முத்துராக்குவின் உயிர் இப்படியா அப்படியா என்று கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் சிறுநீர் பிரிந்தது என்று வார்டிலிருந்து சொன்னார்கள். வேறு எந்தச் செய்திக்கும் நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதாக நினைவில்லை. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சியும் பாலும் ஏற்றி, கரண்டை ஒன்பது நாள் நிறுத்தி வைத்தார்கள். அந்த ஒன்பது நாளும் கட்டி சும்மா இருக்குமா என்பதை யாரும் வாய்விட்டுப் பேசவில்லை. புதிய முகத்துக்குப் புதிய மாஸ்க் நானே செய்தேன். பழையதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது தாயும் மகளும் போல இருந்தது.

இதற்கு நடுவில், ஞாயிறுக்கு அடுத்த திங்கட்கிழமை அம்மா என்னைக் கூப்பிட்டார்.

“ஆறரைங்கிறது யார் வச்ச நேரம்?”

“நான்தாம்மா.” விளக்குச் சமாச்சாரம் முழுவதையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். “அப்படியா” என்றார்.

அன்று என் சாப்பாட்டுப் பொட்டலம் பத்திரமாக வீடு திரும்பியது. ஆனால் அதற்கு முன் உட்கார்ந்து எல்லா நோயாளிகளின் பழைய பதில்களையும் எடுத்துப் பார்த்தேன். வெள்ளி, செவ்வாய்களில் முத்துராக்கு அமுக்கின ஒன்றைத் தவிர ஒரு சிவப்பு கிடையாது. மற்ற நாட்களில் வந்திருந்த ஒன்றிரண்டும் ஆறரைக்கு வந்தவை இல்லை. இரண்டு மூன்று மணி நேரம் தள்ளி, விளக்கு அமர்ந்த பிறகு வந்தவை. எங்களுக்குத் தகவல் வந்துகொண்டுதான் இருந்திருக்கிறது. சேர்த்து வைத்துப் பார்க்க ஆளில்லை.

முகங்களைத் தூக்கினோம். காலை ஏழு மணிக்கு மாற்றினோம். அம்மா கேட்கிற கேள்விகளையே போட்டோம்: நேற்று எத்தனை டம்ளர் கஞ்சி இறங்கியது, எத்தனை தடவை வாந்தி, எத்தனை தடவை சிறுநீர். படிக்கத் தெரியாதவர்களுக்கு வார்டு அக்கா ஒருவரின் குரலில் பதிவு செய்து வைத்தோம். எண்ணிக்கையில் துக்கமும் இல்லை, அபசகுனமும் இல்லை. எண்ணிக்கை எல்லை மீறினால் செயலியே சிவப்பு காட்டும். முதல் வாரமே சிவப்பு கொட்டியது. படுக்கை போதவில்லை, அம்மாவால் மூன்று மணி வரை நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. “முன்னாடி எல்லாரும் எவ்வளவு நல்லா இருந்தாங்க சார்” என்று என் கீழ் வேலை பார்த்த பையன் ஏக்கத்தோடு சொன்னான்.

முத்துராக்கு முப்பத்தைந்தையும் முடித்தார். மூன்று மாதம் கழித்து எடுத்த படத்தில் கன்னம் சுத்தமாக இருந்தது. அதற்கு மேல் சத்தியம் செய்ய எங்கள் தொழிலில் வழி இல்லை. மருமகளிடமிருந்து போனை வாங்கித் தானே அமுக்கப் பழகியிருந்தார். சிகிச்சை முடிந்த பிறகும் விடாமல் காலையில் பதில் வந்துவிடும்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தின வாரம், காலை ஏழு மணி தாண்டியதும் டூட்டி நர்ஸ் பதறிக்கொண்டு வந்தாள். முத்துராக்குவின் பெயரில் சிவப்பு. வாந்தி ஏழு தடவை. அந்த வீட்டு விவகாரம் எனக்குத் தெரியும் என்பதால் என்னிடம் வந்தாள். உடனே கூப்பிட்டேன். அவரே எடுத்தார். நாக்குக் கொஞ்சம் தடித்த குரல்.

“அக்கா, வாந்தி ஏழு தடவைன்னு வந்திருக்கு. இப்ப எப்படி இருக்கு?”

“எனக்கென்ன, குத்துக்கல்லாட்டம் இருக்கேன். அது மருமகளுக்கு. மாசமா இருக்கா. நேத்துலருந்து நிக்கமாட்டேங்குது.”

“இது உங்களுக்கு உள்ளதுக்கா. உங்களப் பத்தித்தான் கேக்கும்.”

“எனக்குத்தான் ஒண்ணுமில்லையே. சும்மா கெடந்த எடத்துல அவளுக்குள்ளதப் போட்டேன். டாக்டரம்மாட்டக் கேட்டுச் சொல்லுங்க. சாயங்காலம் வரைக்கும் பாக்கலாம்னு மட்டும் சொல்லாதீக.”

அம்மாவிடம் சொன்னேன். கண்ணாடியை அவர் கழற்றவில்லை. “ஏழு தடவைன்னா யாருக்கு வந்தாலும் சிவப்புதான். இப்பவே பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்க” என்றார். பத்தரை மணிக்குக் கருப்பையா பேசினார். டிரிப்ஸ் ஏறுகிறது, பயமில்லை என்றார்.

செயலியில் ‘எடுத்த நடவடிக்கை’ என்று ஒரு கட்டம் உண்டு. அதை நிரப்பாமல் சிவப்பு போகாது. அதில் இப்படி எழுதினேன்: ‘மருமகள் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார். துணைக்கு நோயாளி இருக்கிறார்.’